மாரம்மா பேரில் ஒரு கார்டு

ஓசூர்க் கிளை நூலகர் கோவிந்தப்பனுக்கு அந்த 1957-ஆம் வருஷம் உடம்பிலும் சரி, மனசிலும் சரி, தெம்பு என்று ஒன்றும் மிச்சமில்லை. வயசு நாற்பத்திரண்டு. ஏழு வருஷமாகத் தற்காலிக நூலகர். தற்காலிகம் என்றால் என்ன தெரியுமா? இன்றைக்கு இங்கே இரு என்பார்கள், நாளைக்குப் பெட்டியைக் கட்டு என்பார்கள். மூன்று ஊர் தூக்கிப் போட்டு, நாலாவதாக ஓசூரில் வந்து விழுந்தவர் அவர். அவர் மனைவி சரசம்மா டிரங்குப் பெட்டியை முழுசாகப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். "எப்படியும் மறுபடி கட்டத்தானே போறோம்" என்பாள்.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு காகிதம், வேலை நிரந்தரம் என்கிற ஆர்டர். அந்த வருஷம் சேலத்தில் நடக்கப்போகிற நூலகர் கூட்டத்துக்கு அப்புறம், கணக்கு நன்றாக இருக்கிற கிளைக்காரர்களுக்கு அது கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஓசூர்க் கிளையின் கணக்கு நன்றாகவே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அத்தனை புத்தகம் வெளியே போய்த் திரும்பி வருகிற கிளை வேறு இல்லை.

அது எப்படி என்று கேட்டால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஓசூருக்கு வந்த முதல் வருஷம் அவரும் எல்லாரையும் போலப் படித்தவர்களாகப் பார்த்துத்தான் கார்டு கொடுத்தார். அதன் லட்சணம் உடனே தெரிந்துவிட்டது. எல்லை தாண்டினால் பெங்களூர். படித்த ஆள் எவன் ஊரில் தங்குகிறான்? வேலை கிடைத்த மறுநாள் பஸ் ஏறினான், புத்தகமும் கூடவே ஏறியது. ஒன்றிரண்டு அல்ல, பத்துப் பதினைந்து புத்தகங்கள் அப்படி மைசூர் ராஜ்ஜியத்துக்குக் குடிபோய்விட்டன. கோவிந்தப்பன் விசாரணைக்கு விளக்கம் எழுதி எழுதி விரல் தேய்ந்தார்.

அப்போதுதான் அவர் கண்ணில் சந்தைப் பெண்கள் பட்டார்கள். மழையோ வெயிலோ, வாரம் தவறாமல் வருகிறவர்கள் அவர்கள்தான். புளி விற்கிறவள், ராகி விற்கிறவள், துடைப்பம் விற்கிறவள். சானமாவு கிராமத்து மாரம்மா புளிக்கூடைக்காரி. அவளுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் அவள் ஊரில் பட்டாளத்திலிருந்து திரும்பிய முனிவேல் என்று ஒருவர் இருந்தார், படிக்கத் தெரிந்தவர். காட்டோரக் கொல்லையை யானையிடமிருந்து காக்கவே அவருக்குப் பொழுது சரியாக இருந்ததால் சந்தைக்கு வரமாட்டார். மாரம்மா கூடையில் மூன்று புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவர் படிப்பார், பதினோரு வீட்டு ஜனம் சுற்றி உட்கார்ந்து கேட்கும். அடுத்த சந்தைக்கு மூன்றும் பத்திரமாக வந்துவிடும். லேசாகப் புளி வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

கோவிந்தப்பன் மாரம்மா பேரிலேயே கார்டு போட்டார். கட்டை விரலில் மை தடவி ரிஜிஸ்டரில் கைநாட்டு. இப்படிப் பதினாறு ஊருக்குப் பதினாறு பேர், ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. மூன்று வருஷத்தில் ஒரு புத்தகம் தொலையவில்லை ஐயா, ஒன்றே ஒன்று கூட!

கூட்டத்துக்குப் போக விடியக் கருக்கலில் பஸ் ஏறினார். கிருஷ்ணகிரியில் அவ்வூர் நூலகர் கங்கப்பன் ஏறிக்கொண்டார். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "என்னாப்பா கோவிந்தப்பா, மாப்பிள்ளை மாதிரி சட்டையெல்லாம் தேச்சுப் போட்டிருக்கே, ஆர்டர் கையிலேயே வந்துட்டாப்லயா?" என்று தர்மபுரி தாண்டும்வரை விடவில்லை. தொப்பூர் மலை இறக்கத்தில் பஸ் போட்டுக் குலுக்கியது. சேலத்தில் இறங்கும்போது சட்டையும் கசங்கி, ஆளும் கசங்கிப் போயிருந்தார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். காலையில் புது முறையைச் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு சின்ன அட்டைப் பை. புத்தகம் எடுத்தால் அதன் சீட்டை ஆளுடைய பைக்குள் செருகி, நீள மரத்தட்டில் தேதிவாரியாக அடுக்கிவிட வேண்டியது. ரிஜிஸ்டரில் எழுதவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஒருத்தர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருத்தர் கண்மூடித் திறப்பதற்குள் புத்தகம் கொடுத்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கோவிந்தப்பனுக்கும் பிடித்துத்தான் இருந்தது. எழுதி எழுதிக் கை வலித்தவருக்குப் பிடிக்காமல் என்ன?

சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் கிளையில் கையாளும் நல்ல வழிகளைச் சொல்ல வேண்டும். ஒருத்தர் கரையான் மருந்தைப் பற்றிப் பேசினார். ஒருத்தர் கிழிந்த புத்தகம் தைப்பதைப் பற்றிப் பேசினார். பாதிப் பேர் தூங்கினார்கள். அப்போது மேடையிலிருந்த பெரிய ஆபீசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஓசூர் யாரு? உங்க கிளையில ஒரு புத்தகம்கூடத் தொலையலையாமே. எப்படின்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார்.

பாவம், கோவிந்தப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு வருஷத்தில் யாரும் அவரை எழுந்து பேசச் சொன்னதில்லை. பஸ் களைப்பையும் மறந்து எழுந்து, உள்ளது உள்ளபடி சொன்னார். "சார், நான் கார்டு குடுக்கறது படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான்" என்று ஆரம்பித்தார்.

ஹாலில் கொல்லென்று சிரிப்பு. கரையான் மருந்துக்காரர்கூடச் சிரித்தார். கோவிந்தப்பன் மாரம்மாவைச் சொன்னார், முனிவேலைச் சொன்னார். யானை வந்த வாரம் மட்டும் புத்தகம் தாமதமாகும் என்று வேறு சொன்னார். சிரிப்பு இன்னும் பெரிதானது. யாராவது வாயை மூடச் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷனை!

ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் அதிகமாப் புத்தகம் எடுத்த வாசகர் யாருய்யா?"

"சானமாவு மாரம்மாங்க. நூத்திநாப்பது புத்தகத்துக்கு மேல."

"எழுத்து தெரியாத பொம்பளை நூத்திநாப்பது புத்தகம் படிச்சான்னு நான் மேலே அனுப்பணுமா? போலிக் கணக்குன்னு சொல்லமாட்டான்?"

"புத்தகம் போயிட்டு வருதுங்க சார். வேணும்னா நேர்ல வந்து பாருங்க."

"வரத்தான் போறேன். அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன். படிக்கத் தெரிஞ்சவங்க பேர் மட்டும்தான் இருக்கணும். இல்லேன்னா நிரந்தரம் என்ன, இருக்கிற வேலையும் போயிரும். நல்ல மனுஷனா இருக்கீங்க, அதான் முன்கூட்டியே சொல்றேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கோவிந்தப்பனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கங்கப்பன் கேலி பண்ணவில்லை. "யாராச்சும் படிச்சவன் பேரைப் போட்டுட்டுப் போய்யா. புத்தகத்தை எப்பவும் போல அவங்க கையிலேயே குடு. யாருக்கு என்ன நட்டம்?" என்றார்.

"பொய் எழுதச் சொல்றியா?"

"நெசத்தைச் சொல்லித்தான் பார்த்தியே" என்றார் கங்கப்பன். கோவிந்தப்பன் கிருஷ்ணகிரி வரும்வரை கண்ணை மூடியே கிடந்தார், தூக்கம்தான் வரவில்லை.

பத்து நாள் பொறுத்தார். அப்புறம் கடைவீதியில் இறங்கினார். மண்டிக் கணக்குப்பிள்ளை திம்மராயன், ஜவுளிக்கடை குமாஸ்தா, வெட்டியாய் உட்கார்ந்திருந்த இன்னும் பதினாலு பேர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், கையெழுத்து மட்டும் தமிழிலும் இங்கிலீஷிலும் பிரமாதமாகப் போடுகிற கனவான்கள். அவர் நீட்டிய கார்டு விண்ணப்பத்தில், எதற்கு என்று ஒருத்தரும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நூலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். சானமாவுக்கு திம்மராயன் பேர் வந்து சேர்ந்தது. பழைய ரிஜிஸ்டரைக் கட்டிப் பரணில் போட்டு, புது முறைப்படி பதினாறு அட்டைப் பையும் தயார் செய்தார்.

ஆபீசர் சொன்னபடி வந்தார். மரத்தட்டைப் பார்த்தார், பேர்களைப் பார்த்தார், விண்ணப்பத்திலிருந்த கையெழுத்துகளைப் பார்த்தார். "இப்பத்தான்யா கணக்கு ஒழுங்கா இருக்கு! திம்மராயனா? பெரிய படிப்பாளி போலிருக்கே" என்று மெச்சிக்கொண்டார். கோவிந்தப்பன் தலையை ஆட்டினார். மூன்றாம் வாரம் ஆர்டர் வந்தது. சரசம்மா டிரங்குப் பெட்டியை முழுசாகப் பிரித்து, பட்டுப்புடவையை வெளியே எடுத்து வெயிலில் போட்டாள். கோவிந்தப்பன் ஆர்டரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார்.

அதுவரை சந்தை நாளில் மட்டும் பழைய ரிஜிஸ்டரைப் பரணிலிருந்து இறக்கிக் கைநாட்டு வாங்கி வந்தவர், அடுத்த சந்தை நாளில் இறக்கவில்லை. மாரம்மா வழக்கம்போலக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். கொண்டுவந்த மூன்றையும் மேஜைமேல் வைத்து, கட்டை விரலை நீட்டினாள்.

"இனிமே மை வேணாம் மாரம்மா. புது முறை. சீட்டைச் செருகினாப் போதும்."

"ஏன் சாரு, நான் கை வைக்காம எப்படி?"

"வேணாம்னு சட்டம் போட்டிருக்காங்க. மூணு புத்தகம், எடுத்துக்கோ."

அவள் எடுக்கவில்லை. நீட்டின விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்போ எம் பேரு?" என்றாள்.

"பேருக்கு என்ன?"

"மொத ஓட்டுக்குப் பேரு எழுத வந்தாங்களே, ராமப்பன் பொண்டாட்டின்னுதான் சாரு எழுதிக்கிட்டுப் போனாங்க. பட்டாவுல இல்ல, எதுலயும் இல்ல. மாரம்மான்னு எழுதி வச்சிருக்கிற எடம் உன்னோட இந்தப் புத்தகக் கடை ஒண்ணுதான். எங்கூருல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இருக்குதுல்ல?"

"இருக்கு" என்றார் கோவிந்தப்பன். நிஜத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சொன்னால் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அந்தப் பதினோரு வீட்டுக்கும் இனிப் புத்தகம் இல்லை. ஆர்டர் அலமாரியில் இருக்கிற நினைப்பும் வந்தது. அதை மறைத்து என்ன பிரயோஜனம்?

"படிச்சுக் காட்டேன் சாரு, ஒரு தரம்" என்றாள் மாரம்மா.

அவர் மரத்தட்டிலிருந்து அட்டைப் பையை உருவினார். திம்மராயன், அரிசி மண்டி, ஓசூர் என்று கோவிந்தப்பனின் கையெழுத்திலேயே அழகாக எழுதியிருந்தது. அவள் மேஜைமேல் குனிந்து அந்த எழுத்துகளையே பார்த்தாள். கோவிந்தப்பன் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, நிதானமாக, "மா...ர...ம்...மா... சானமாவு" என்று படித்தார்.

அவள் முகம் மலர்ந்துபோனது. "அது போதும் சாரு" என்று சொல்லி, மூன்று புத்தகத்தையும் புளிக்கு மேல் துணி விரித்து வைத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

கோவிந்தப்பன் அட்டையைத் தட்டில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓசூர் வந்த நாலு வருஷத்தில், எழுதியிருப்பது ஒன்றாக இருக்க வேறொன்றை அவர் படித்துக் காட்டியது அன்றைக்குத்தான்.