கல்முனையில் மூன்று பார்களும் அன்வர் காக்கா மகளின் கலியாணப் பேச்சும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியும் பாருக்குள் நுழையுமுன் இரண்டு பக்கமும் பார்ப்பவன் நான். போன மாதம் மட்டக்களப்பில் அப்படிப் பார்த்துக்கொண்டே நுழைந்து, கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து ஓடிவந்து தூக்கிவிட்டவர் என் மாமனார். இருவரும் வீட்டில் இன்றுவரை அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் கழன்றதும் அறுகம்பே கடற்கரைக்குப் போகிற கூட்டம் பெருகிவிட்டது. வழியில் கல்முனையில் தொண்டையை நனைக்க இடமுண்டா என்று என் பத்தியை வாசிப்பவர்கள் கேட்டு எழுதுகிறார்கள். முஸ்லிம்கள் கூடிய, தேநீருக்குக் குறைவில்லாத ஊர். மற்றதைத் தேட வேண்டும். தேடி எழுதியே தீருவதென்று ஒரு சனிக்கிழமை மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். வீதி வேலை நடப்பதால் இரண்டு மணித்தியாலம்.

கல்முனை பஸ் நிலையத்தில் அன்வர் காக்காவின் ஓட்டோ கிடைத்தது; இங்கே காக்கா என்றால் அண்ணன். சாய்ந்தமருதுக்காரர், சுனாமியில் வீடு போய், இப்போது வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார். காத்து நிற்பதற்கும் சேர்த்து அறுநூறு ரூபா பேசினோம். எங்கே போக வேண்டும் என்று சொன்னதும் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

“சேர், மகளுக்குப் பேசியிரிக்கம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ள வீட்டார் முடிவு சொல்ல வாறாங்க. நம்மட ஓட்டோ பார் வாசல்ல நிண்டா என்ட புள்ளட காரியம் முடிஞ்சிரும்.”

இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண்ணைப் பற்றி விசாரிப்பதைவிட, பையன் யாருடைய கூரைக்குக் கீழே படுக்கப்போகிறான் என்றுதான் சந்திக்குச் சந்தி விசாரிப்பார்கள். நல்ல மனிதன் வேறு ஓட்டோ பிடித்திருப்பான். நான் பேரம் பேசினேன்: அவர் பார்மசி வாசலில் நிற்பது, நான் நடப்பது.

முதல் பார் ஒரு ஒழுங்கைக்குள். சுவரில் ஈரம், பியரில் குளிரில்லை. ஆனால் கோழிப் பொரியலுக்காக மழையிலும் போகலாம். இரண்டாவது பாண்டிருப்புப் பக்கம். மின்விசிறி ஓடுகிறது, காற்று வரவில்லை. சாராயம் தொண்டையில் இறங்குவதே தெரியாது, அவ்வளவு சுத்தம். பரிமாறுகிறவர் கேட்காமலே ஊர்ப் புதினம் முழுவதும் சொல்வார்.

மூன்றாவது வயல் ஓரத்தில். பார்மசி என்ன, பெட்டிக்கடைகூட இல்லை. அன்வர் காக்கா வாசலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இறால் பிரட்டலை முடித்து வெளியே வந்தால், ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி வெள்ளைத் தொப்பியுடன் ஒரு பெரியவர். மாப்பிள்ளையின் பெரியவாப்பா, அதாவது தகப்பனின் அண்ணன்; சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்.

“இவர்தான் பி.எச்.ஐ. சேர்,” என்றார் அன்வர் காக்கா, வியர்வையைத் துடைத்தபடி. “குசினி பாக்க வந்தவர்.”

அந்த நொடியில் நான் சமையலறை பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் ஆனேன். பெரியவர் கிட்ட வந்தார். என் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் இடையில் ஒரு சாண்.

“அப்பிடியா சேர்? உள்ளுக்கு எப்பிடி?”

இறைச்சி வெட்டும் பலகை, வடிகான், எலி என்று அவர் முகத்தில் மூச்சுப் படப் படச் சொன்னேன். அவர் மூக்கு இரண்டு தரம் விரிந்து சுருங்கியது. பிறகு ஓரடி பின்னால் போனார்.

“நம்மட கடைக்கும் வருவீங்களோ?”

வரத்தான் வேண்டும் என்றேன்.

“வெள்ளிக்கிழமைக்குப் புறகு வாங்க சேர். கலியாண அலுவல் ஒண்டு இரிக்கு.” அன்வர் காக்காவிடம் திரும்பினார். “வீட்ட சொல்லுங்க, ஜும்ஆத் தொழுகை முடிஞ்ச கையோட வருவம்.”

திரும்பி வந்ததும் பஸ் நிலையத்தில் அன்வர் காக்கா அறுநூறை வாங்கி, நூறைத் திருப்பித் தந்தார்.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கு முன் போங்கள். போயா தினம், அதாவது பௌர்ணமியன்று, எல்லாம் பூட்டு. நேரமில்லாதவர்கள் முதல் பாருக்கு மட்டும் போனால் போதும். ஓட்டோவைத் தூரத்தில் நிறுத்துங்கள். வாசலில் நிற்பவருக்கும் வீடு வாசல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை வியாதியால் டொக்டர் எனக்குக் குடியை நிறுத்தி இரண்டு வருடம். மூன்று இடத்திலும் நான் குடித்தது சோடா. பியரும் சாராயமும் எப்படி என்பது பக்கத்து மேசைக்காரர்கள் சொன்னது.