கேப்டன் குரைத்த பக்கம்

ஆட்டம்வா ஊர்ப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஆர்லிஸ் ஷூட்டைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் தடித்த கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் நாற்பத்து மூன்று வயது கல்யாணமாகாத பெண், அவ்வளவுதான். அவளைப் பார்த்துப் பயந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

'கடைசிச் சாவடி' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓடி நின்றுபோயிருந்தது. விண்வெளியின் எல்லையில் ஒரு நிலையம், அங்கே தங்கிப்போகும் கப்பல்கள், நிலையத்தைக் கட்டி ஆளும் கேப்டன் வேல். தொடர் நின்றாலும் ரசிகர்கள் நிற்கவில்லை. பதிப்பகம் ஒன்று அதே பாத்திரங்களை வைத்து, எழுத்தாளர்களை ஆளுக்கு ஒன்றாக எழுதவைத்து, மலிவு நாவல்களாகப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த நாவல்களை வெட்டிப் பார்க்கும் வேலையை ஆர்லிஸ் எடுத்துக்கொண்டாள். அவள் நடத்திய ரசிகர் இதழில் அவளுடைய பகுதிக்குக் 'கசாப்பு மேசை' என்று பெயர். "இந்தக் கதையில் விண்கலம் தீப்பிடித்த இடம் மட்டுமே வெளிச்சமாக இருக்கிறது" என்று ஒருமுறை எழுதினாள். அந்தக் கதையை எழுதியவர் அதற்குப் பிறகு ரசிகர் மாநாடுகளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஆர்லிஸுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

இதழுக்குப் படம் போடுவது, பக்கங்களை அடுக்கித் தைப்பது எல்லாம் நொரீன் பெல்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், புருஷனை விட்டு வந்தவள், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவள். பதினைந்து வருஷ சிநேகிதம். அவ்வப்போது அவள் எழுதிப் பார்க்கும் குட்டிக் கதைகளை ஆர்லிஸ்தான் திருத்திக் கொடுப்பாள். ஆர்லிஸின் அம்மா ஃப்ரீடாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, குளிப்பாட்ட ஒரு பக்கம் பிடித்தவளும் அவள்தான்.

ஃப்ரீடாவுக்கு மகளை அடையாளம் தெரியாமல் போய்விட்டது. எப்போதோ செத்துப்போன டஸ்டி என்ற நாயின் பெயரால் கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கி வைத்துவிட்டு, "டஸ்டி, வா, சாப்பிடு" என்று கோணிய வாயால் கெஞ்சினாள். ஆர்லிஸ் கையில் எடுத்து ஊட்டிப் பார்த்தாள். கிழவி வாயைத் திறக்கவில்லை. நாய் சாப்பிடாமல் தான் சாப்பிடமாட்டேன் என்று அழுதாள். கடைசியில் ஆர்லிஸ் மண்டியிட்டாள். கைகளை ஊன்றிக் குனிந்து, கிண்ணத்தில் வாய் வைத்து இரண்டு வாய் குடித்தாள். குடித்துவிட்டு, மெதுவாக ஒரு தடவை குரைத்தாள். ஃப்ரீடா சிரித்துக்கொண்டே மீதியைச் சாப்பிட்டாள். வாசற்படியில் துண்டும் கையுமாக நின்ற நொரீன் அதைப் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அதற்கடுத்த வருஷம் அக்டோபரில் பதிப்பகத்திலிருந்து புதிய நாவல் ஒன்று மதிப்புரைக்கு வந்தது. பெயர் 'ஊமை மணி'. எழுதியவர் டி. எச். கோல் என்று போட்டிருந்தது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் ஆர்லிஸுக்குக் கை நின்றுவிட்டது. பதினைந்து வருஷமாகத் தான் திருத்திக் கொடுத்த நொரீனின் எழுத்து. வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கி நிற்கும் அந்தப் பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது. தனக்கு ஒரு நாளும் கிடைக்காத வாய்ப்பு நொரீனுக்குக் கிடைத்திருக்கிறது, அதையும் மறைத்திருக்கிறாள். நெஞ்சு எரிந்தது. ஆனாலும் படித்தாள். நன்றாகவே இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது.

பாதிப் புத்தகம் தாண்டிய பிறகு அந்தப் பக்கம் வந்தது. கேப்டன் வேலின் தாய் நிலையத்தின் மருத்துவ அறையில் புத்தி பேதலித்துக் கிடக்கிறாள். கிண்ணத்தைத் தரையில் வைக்கிறாள். கேப்டன் மண்டியிடுகிறான். குடிக்கிறான். குரைக்கிறான்.

ஆர்லிஸ் புத்தகத்தை மூடி மேசை இழுப்பறையில் போட்டாள்.

அந்த ஞாயிறு, ஃப்ரீடாவின் முதுகைத் துடைத்துக்கொண்டே நொரீன் கேட்டாள்: "புதுசா ஒண்ணு வந்துருக்காமே, ஊமை மணின்னு. படிச்சியா?"

"இன்னும் தொடலடி."

"படிச்சா சொல்லு. நல்லாருக்கோ, நல்லாயில்லையோ, உள்ளத உள்ளபடி சொல்லு."

"எப்பவும் அப்படித்தானே சொல்றேன்."

நவம்பரில் ஒமாஹாவில் மாநாடு. வழக்கம்போல ஆர்லிஸின் காரில் இருவரும் போனார்கள், வழக்கம்போல ஓட்டலில் ஒரே அறை எடுத்தார்கள். சனிக்கிழமை மதியம் 'ஊமை மணி' பற்றி விவாதம். மேடையில் ஆர்லிஸ், இரண்டு ரசிகர்கள், இந்தத் தொடருக்கே முன்பு மூன்று நாவல் எழுதிய மெரிட் ஓக்ஸ் என்ற வயதான எழுத்தாளர். நடத்தியவன் டுவெய்ன் என்ற தாடிக்காரன். ஹால் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். நொரீன் மூன்றாம் வரிசையில், மடியில் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேப்டனின் சீருடையில் வந்திருந்த ஒரு ரசிகன்தான் ஆரம்பித்தான். "எங்க கேப்டன் யாரு முன்னாடியும் மண்டி போட்டதில்லைங்க. எழுபத்தொம்பது எபிசோடு பாத்துட்டுச் சொல்றேன். அந்தாள நாலு கால்ல நிக்க வச்சு குரைக்க விட்ருக்காங்க. இத எழுதினவன் ஒரு எபிசோடாவது பாத்திருப்பானா?"

கைதட்டல் எழுந்தது.

"தம்பி, எபிசோடுல அவனுக்கு அம்மாவே கிடையாது" என்றார் மெரிட். "அம்மா வந்தா மனுஷன் மாறுவான். நான் எழுதின மூணு புஸ்தகத்துலயும் உங்க கேப்டன் துப்பாக்கிய தூக்கிட்டு ஓடினான், அவ்வளவுதான். இந்தப் புஸ்தகத்துல பாதி குப்பைதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் இங்க வந்து உக்காந்துருக்கேன். எனக்கு அப்படி ஒரு பக்கம் எழுத வரல."

ஹால் கொஞ்சம் அடங்கியது. பின்வரிசையில் ஒரு பெண், "எனக்கும் அந்த இடத்துல கண்ணு கலங்கிருச்சு" என்றாள். நொரீன் தலை குனிந்துகொண்டாள். அவளுடைய காது சிவந்திருப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. சந்தோஷத்தில் சிவந்த காது.

ஆர்லிஸ் மைக்கை இழுத்தாள். "அவ்வளவு உசந்த பக்கமா? அப்ப எல்லாரும் கேக்கட்டும். வாசிச்சுக் காட்றேன்."

வாசித்தாள். முதல் இரண்டு வரியை ஒழுங்காக வாசித்தாள். தாய் பேசும் இடம் வந்ததும் வாயைக் கோணிக்கொண்டாள். எச்சில் ஒழுகுவதுபோல உறிஞ்சினாள். நாக்குக் குழறி, மூக்கால் இழுத்து, "வா... சாப்பிழு" என்றாள். ஹாலில் முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். அந்தக் குரலை அவள் கற்பனை செய்யவில்லை. தினமும் காலையிலும் மாலையிலும் கேட்கிற குரல். அதனால்தான் அத்தனை தத்ரூபமாக வந்தது. கேப்டன் குனியும் இடத்தில் அவளும் மேசைமேல் குனிந்து, தண்ணீர்க் குவளையில் நாக்கை விட்டு நக்கினாள். கடைசியாக மைக்கில் குரைத்தாள். ஒரு தடவை அல்ல, மூச்சு விடாமல் குரைத்தாள். சீருடைக்காரன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான். கண் கலங்கியதாகச் சொன்ன பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிக்காதவர்கள் இருவர். ஒருவர் மெரிட்.

"நல்லாவே நடிச்சீங்கம்மா" என்றார் அவர். "இத எழுதினவங்க இந்த ஹால்லயே இருந்தா?"

"இருந்தா எந்திரிச்சு நிக்கட்டுமே. நாங்களும் மூஞ்சியப் பாக்கறோம்."

மூன்றாம் வரிசையைத் தவிர எல்லா வரிசையையும் ஆர்லிஸ் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் அறைக்குப் போனபோது நொரீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு போட்டிருந்தாள்.

"எந்தப் பக்கத்துல தெரிஞ்சுது?"

"ரெண்டாவது."

"அப்ப ஞாயித்துக்கிழம நான் கேட்டப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

நொரீன் கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "நான் எழுதினதுன்னு தெரியாமயே நல்லாருக்குன்னு நீ சொல்லணும்னு ஆசப்பட்டேன். அதான் மறச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"எங்கம்மாவ எடுத்துப் போட்டுக்கிட்டியே, அதுக்கு என்ன பேரு?"

"நீ குனிஞ்சு குடிச்சியே, அத விடப் பெரிய காரியம் நான் பாத்ததில்லடி. யாருக்கும் தெரியாமப் போகக் கூடாதுன்னு தோணுச்சு."

"யாரு சொல்லச் சொன்னா உன்ன? அது என் வீடு. என் அம்மா. உனக்குச் சொந்தமா ஒரு துக்கம்கூடக் கெடைக்கல, என்னோடத எடுத்து வித்துட்ட."

"வித்தது நான்தான்" என்றாள் நொரீன். "ஊரக் கூட்டிக் கொரைச்சுக் காமிச்சது யாரு?"

ஆர்லிஸ் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் திரும்பும்போது நொரீனுக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. ஒரே காரில், பேச்சில்லாமல், உறைந்துபோன சோளக்காடுகளினூடே வந்தார்கள். தன் வீட்டு வாசலில் இறங்கும்போது நொரீன் பெட்ரோலுக்கான பங்கை இருக்கைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், "உங்கம்மா ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆர்லிஸ் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனாள். ஃப்ரீடா கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தாள். "டஸ்டி, வா."

ஆர்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். குனியப் பார்த்தாள். முட்டி மடங்குவதற்குள் அந்த ஹாலின் சிரிப்புக் காதில் விழுந்தது.

"நான் ஆர்லிஸ்மா. டஸ்டி செத்துப் போச்சு."

ஃப்ரீடா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு, நாய் இன்றுதான் செத்ததுபோல அழ ஆரம்பித்தாள். அழுதழுது ஓய்ந்து தூங்கினாள். மறுநாள் மறந்துவிட்டு மறுபடி டஸ்டியைக் கூப்பிட்டாள். ஆர்லிஸ் மறுபடி அதையே சொன்னாள். மார்ச்சில் கிழவி சாகும்வரை அந்த நாய் தினமும் செத்தது.

சவ அடக்கத்துக்கு நொரீன் வந்திருந்தாள். தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தபோது, மற்றப் பெண்களோடு நின்று கோப்பைகளைக் கழுவினாள். ஆர்லிஸ் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அவள் முதுகைப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். நொரீன் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

ஒமாஹாவில் ஆர்லிஸ் குரைத்த கதை மாநாடு மாநாடாகப் பரவியிருந்தது. ஆர்லிஸ் ஹாலுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் மரியாதையாகக் குரைப்பான், அவள் தலையசைத்துவிட்டுப் போவாள். டி. எச். கோல் யார் என்பது பிறகு தெரிந்துபோய், கையெழுத்துப் போட உட்கார்ந்த நொரீனின் மேசை முன்னாலும் இரண்டு பேர் குரைத்தார்களாம். அவள் மாநாடுகளுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எழுதுவதை நிறுத்தவில்லை. அதே தொடருக்கு இன்னும் நான்கு நாவல் எழுதினாள். மெரிட் ஓக்ஸ் சொன்ன மாதிரி ஒரு பக்கம் அவற்றில் எதிலும் இல்லை. எல்லாவற்றிலும் கேப்டன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ரசிகர்களுக்குப் பிடித்திருந்தது.

கசாப்பு மேசையில் அந்த நான்கையும் ஆர்லிஸ் வெட்டவில்லை. ஒவ்வொன்றையும் கடையில் காசு கொடுத்து வாங்கி, வரி விடாமல் படித்து, அடுத்த மாநாட்டில் பழைய புத்தகக்காரனிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.