இதயத்தை வலப்பக்கம் ஒட்டிய நாள்

சுவிஸில், கூர் நகரத்து மியூசியம் ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு மனிதனின் இதயத்தைப் பிழையான பக்கத்தில் ஒட்டி முடித்திருந்தேன். ஐந்து மணிக்குக் கண்காட்சித் திறப்பு.

அங்கிருந்து தூரத்தில், ஷ்லீரன் என்ற ஊரில், பெரிய அளவுப் பிரிண்ட் அடிக்கும் அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கடைசியாகப் பார்த்து "சரி" என்று கையெழுத்து வைப்பவன் நான்தான். அதனால் பழியைப் பங்கு போட ஆளில்லை.

கண்காட்சி, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலிய உடற்கூற்று ஓவியங்களைப் பற்றியது. நுழைவுக்கூடத்துக் கண்ணாடிச் சுவரில் ஒட்ட, இரண்டு பக்கமும் தெரியும் ஃபோலியில், அதாவது ஒட்டும் பிளாஸ்டிக் தாளில், ஒரு படம் கேட்டிருந்தார்கள். ஆளளவு நெஞ்சு, உள்ளே இதயம், அதிலிருந்து கிளைவிடும் ரத்தக் குழாய்கள், சுற்றிலும் பொடி எழுத்தில் குறிப்புகள். ஃபைலைத் திறந்தால், எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிக் கிடந்தது.

எங்கள் தொழிலில் இது வழமை. உள்ளே ஒட்டி வெளியிலிருந்து வாசிக்க வேண்டிய ஃபோலியைத் திருப்பித்தான் அடிப்போம். ஆனால் ஓடர் தாளில் "உள்ளிருந்து பார்ப்பது" என்று இருந்தது. பாவம், குழம்பிவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு, ஒரே க்ளிக்கில் படத்தைத் திருப்பிவிட்டேன். அதை வரைந்த ஓவியர் இடக்கைக்காரர், குறிப்புகளை இடம் வலம் மாற்றி எழுதுவதே அவர் வழக்கம் என்பது ஊருலகத்துக்கே தெரியுமாம். எனக்குத் தெரியாது.

அதோடு விட்டேனா? நான் கவனமான ஆள். படத்துக்கு முன்னால் நின்று, தேசிய கீதம் பாடும் பந்தாட்டக்காரனைப்போல் இடது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். படத்திலும் இதயம் என் இடக்கைப் பக்கம். கையெழுத்து வைத்தேன். படத்தில் இருப்பவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பது மூளைக்கு எட்டவில்லை.

கண்டுபிடித்தது சுகந்தி. இதய வார்ட் நேர்ஸ். திறப்புக்கு வருகிறவர்களுக்குப் பிரஷர் பார்க்க மேசை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஆர் இந்த ஆள்? இதயம் வலப்பக்கம் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ. நான் செக் பண்ணினனான்."

"எப்பிடி?"

நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்ப படத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ."

நின்றேன். கை ஒரு பக்கம், இதயம் மறுபக்கம்.

"ஐயோ!"

"வாங்கோ, முதல் உங்கட பிரஷரைப் பாப்பம்."

நூற்று எழுபது.

முதலாளி உர்ஸுக்கு போன் அடித்தேன். அவர் கதைப்பது சுவிஸ் ஜெர்மன். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது.

"ஆர் திருப்பினது?"

"நான்."

"செக் பண்ணினது?"

"அதுவும் நான்."

"பிறகேன் எனக்கு அடிக்கிறாய்? உனக்கே அடிச்சுப் பேசு!"

"உரிக்கட்டோ?"

"உரிச்சால் கிழியும். புதுசா அடிச்சுக் கொண்டுவர ஏழு மணியாகும். அந்த மியூசியம் எங்களை விட்டுப் போச்செண்டால், நீயும் பின்னால போ."

அச்சகத்து வான் வண்டிக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகந்தி பிரஷர் பட்டியை ஆட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இதயம் அவருடைய இடது நெஞ்சில், குழாய்கள் தோள்வரை ஏறி, அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. எழுத்தும் நான் திருப்புவதற்கு முன் இருந்ததுபோல், ஓவியர் எழுதினபடியே. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே சரி!

"அசையாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி, கண்காட்சிப் பொறுப்பாளர் லுசியாவைப் பிடித்து, பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, வெளியே கூட்டிவந்தேன். லுசியா கண்ணாடியையும் சுகந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பிரஷர் ஏறுவது பட்டியில்லாமலே தெரிந்தது.

"வைன் கிளாசெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"உள்ளுக்கு."

"எல்லாத்தையும் வெளியில தூக்கு."

திறப்பு விழா மார்ச் மாதக் குளிரில், முற்றத்தில் நடந்தது. கோட் போட்ட பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே போய், இதயத்துக்கு நேரே நெஞ்சை வைத்து, வெளியிலிருந்து போட்டோ எடுப்பித்தார்கள். என்னைத் திட்டவென்று காரில் வந்திறங்கிய உர்ஸும் வரிசையில் நின்றார். ஆள் நெட்டை. இதயம் வயிற்றில் தெரிந்தது.

"இன்னும் குனியுங்கோ!" என்று இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக முதலாளிக்கு உத்தரவு போட்டேன்.

லுசியா சொன்னார்: "இதயத்தை இவ்வளவு திறமாப் படமாக் கீறின மனுசனுக்கு, ரத்தம் உடம்பைச் சுத்தி வருதெண்டது தெரியாது. அது போற வழியை அவரும் பிழையாத்தான் விளங்கி வச்சிருந்தவர்."

"அதுக்காக அவரை ஆரும் வேலையால நிப்பாட்டினவையோ?" என்று, உர்ஸின் காதில் விழும்படி கேட்டேன்.

நிப்பாட்டவில்லை, என்னையும். திங்கட்கிழமை ஓடர் தாளில் புதிதாக ஒரு கட்டம் வந்திருந்தது: "எழுத்துத் திரும்பியிருந்தால் கேட்கவும்." அதில் இன்றுவரை நான்தான் கையெழுத்து வைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். அடுத்தவன் பிழை விட்டுவிட்டான் என்று பட்டால், மவுஸை விட்டுவிட்டு போனை எடு. இல்லை, நெஞ்சில் கை வைத்துத்தான் செக் பண்ணுவேன் என்றால், முதலில் படத்துக்கு முதுகைக் காட்டி நில்.