கைப்பையில் ஒரு மடக்குக் கத்தி

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்குத் தண்ணீர் கூடிவிட்டதோ என்றுதான் தோன்றும். வேலையும் அதற்கேற்ற வேலை. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில், உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் உள்ள சீல் எண்ணைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவேன். சீல் உடைந்திருந்தால் சரக்கில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மதிய ஷிப்டுக்கு ஷேர் ஆட்டோவில் வந்து மெயின் ரோட்டில் இறங்குவேன். அதற்குமேல் நடைதான். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் கன்டெய்னர் பெட்டிகளோடு துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் லாரி வரிசை. பட்டப்பகலில்கூட அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. டிரைவர்கள் கேபினில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வழியில் ஒருவன் என் பின்னால் வர ஆரம்பித்தான். முப்பது வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை. நான் நின்றால் நிற்பான், நடந்தால் நடப்பான். நேராகத் திரும்பிப் பார்த்தால் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடுமே! அதனால் ஏதாவது ஒரு பெட்டியின் பின்கதவில் குனிந்து சீல் எண்ணைப் படிப்பதுபோல் நின்று, ஓரக்கண்ணால் பார்ப்பேன். நாலு லாரிக்கு ஒரு தடவை இப்படி.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு வண்ணாரப்பேட்டையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். எங்கள் தெருமுனையில் மீன் வெட்டும் அக்காவிடம் மட்டும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் வச்சிருந்தா அது தொழிலு. நீ பையில போட்டுகினு சுத்துனா கேஸு. அவன் புடுங்கிட்டான்னா இன்னா பண்ணுவே?"

எனக்குக் கோபம் வந்தது. கையில் ஒன்றுமில்லாமல் நடப்பவள் நான்தானே, இவருக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், வழக்கம்போல் ஒரு பெட்டியின் கதவருகே குனிந்தேன். காலடிச் சத்தம் மிக அருகில் கேட்டது. பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்துக்கொண்டு திரும்பினேன்.

அவன் ரெண்டடி பின்னால் குதித்துக் கத்தினான். "அண்ணே, எறங்கி வாங்க! சீல் அறுக்குறா! கத்தியோட மாட்டிகினா!"

கேபின் கதவுகள் படபடவென்று திறந்தன. டிரைவர்கள் என்னைச் சுற்றி வளைத்தார்கள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த வரிசையில் நிற்கும் பெட்டிகளில் திருட்டு நடந்ததால், டிரைவர்கள் சேர்ந்து அவனைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். தினமும் கதவு கதவாகக் குனிந்து சீலைப் பார்த்துவிட்டுப் போகும் பெண்ணை அவன் வேறு என்னவென்று நினைப்பான்?

பக்கத்துப் போலீஸ் பூத்துக்குக் கூட்டிப்போனார்கள். என் கிடங்கு அடையாள அட்டையைக் காட்டினேன். ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த கத்தியைக் காட்டினார்.

"இது எதுக்கும்மா?"

"பாதுகாப்புக்கு சார்."

"பழம் நறுக்கன்னு சொன்னா நானும் பேசாம வுட்ருவேன். ஆளக் குத்தத்தான் எடுத்துகினு வந்தேன்னு நீயே சொல்றியேம்மா. நான் எழுதுனா உன் கேட் பாஸு இன்னாவும், தெரியுமா?"

தெரியும். வழக்கு என்று ஒன்று வந்தால் கிடங்கு வாசலிலேயே என்னை நிறுத்திவிடுவார்கள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

கூடவே வந்திருந்த காவல்காரனின் முகம் கொஞ்சம் இளகியது. "தப்பா நெனச்சிட்டேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே, தன் பக்க நியாயத்துக்காக ஏட்டிடம் செல்போனை நீட்டினான். எல்லாம் என் படங்கள். பின்னாலிருந்து, பக்கவாட்டில், குனிந்து நிற்கும்போது. மூன்று வாரப் படங்கள். எல்லாவற்றையும் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தான். எந்தெந்த ஊர் கேபினில் யார் யார் அதைப் பார்த்தார்களோ!

ஏட்டு படங்களைப் பார்த்துவிட்டுச் செல்போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவனிடம் கேட்டார்: "கம்ப்ளெயின்ட் குடுக்கிறியா?"

"வேணாம் சார்."

என் பக்கம் திரும்பினார். "உனக்கு எதனா கம்ப்ளெயின்ட் இருக்காம்மா?"

இருந்தது. தொண்டை வரைக்கும் இருந்தது. ஆனால் கத்தி மேஜைமேல் விரித்தபடியே கிடந்தது.

"இல்லை சார்" என்றேன்.