குலசாமி பேரில் எடுத்த ரத்தம்

குரங்கணிக்கு மேலே பாறை உருண்டு பாதை அடைபட்டு, ஏலக்காய் மூட்டை சுமந்த கழுதைகளெல்லாம் நடுவழியில் நின்றுபோன வருஷம் அது. ஒரு கழுதை மட்டும் மூட்டையோடு தனியாகப் போடிக்கு இறங்கிவிட்டது என்பார்கள். நான் நம்பவில்லை. அது கிடக்கட்டும். பாதையைச் சரிசெய்ததும் முதலில் ஏறி வந்தது ஒரு டாக்டரும் நர்சம்மாவும். அரிசிக்கு முன்னால் டாக்டர் வந்தால் சந்தேகம் வராதா?

ராசிங்காபுரத்துப் பங்காளிகள் நாங்கள் காய் எடுக்கும் வேலைக்கு ஏறி, எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் குடியிருந்தோம். எனக்கு ஒரே மகள். பால்பல் விழாத வயசு.

புதுசாக ஒரு மாத்திரையாம். மலைக்காய்ச்சலைத் தடுக்கிறதா என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டுமாம். அவ்வப்போது விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பேர் எழுதி எடுத்துப் போவார்களாம். முதலாளி சரி என்றுவிட்டார். எங்களை யார் கேட்டது?

"சோதிச்சுப் பாக்க மொதலாளி வீட்டுப் பிள்ளைக ஆகாதாக்கும்?" என்றாள் என் பெண்சாதி.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ரத்தமும் பேரும் ஒருத்தன் கையில் சேர்ந்தால் செய்வினை வைக்க வேறென்ன வேண்டும்? அதனால் லயத்தில் எல்லோரும் பிள்ளை பேரை மறைத்துக் குலசாமி பேரைச் சொன்னோம். சாமி மேல் எவன் ஏவுவான்? பங்காளிகளுக்கு ஒரே சாமி. இந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் இதே பேர்தான் போல என்று நர்சம்மா நினைத்திருப்பாள். மகள் கையை இறுக்கிப் பிடித்து நான்தான் நீட்டினேன். அவள் தொண்டை கட்டும்வரை அழுதாள்.

அடுத்த தடவை டாக்டர் முகம் சரியில்லை. ஒரு சில்லில் காய்ச்சல் கிருமி இருக்கிறது, மாத்திரை அந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை, விட்டால் மூளைக்கு ஏறும், வேறு மருந்து கொடுக்கணும் என்றார். பேரை வாசித்தார். நாங்கள் எல்லாப் பிள்ளைக்கும் சொன்ன குலசாமி பேர்.

"எல்லாருக்கும் இதே பேரா?"

"ஆமாங்கய்யா," என்றார் கங்காணி. "காய்ச்சல் வந்தது எங்க சாமிக்கு."

யாரும் சிரிக்கவில்லை. என் மகள் முந்தின நாளிலிருந்து கஞ்சியைத் தொடவில்லை.

"எல்லாப் பிள்ளைக்கும் அந்த மருந்தக் குடுத்துருங்க," என்றேன்.

"கொடுத்தால் சோதனை கெட்டுப்போகும். மறுபடி ரத்தம் பார்க்கணும்."

"சோதனை பெருசா, பிள்ளை பெருசா?"

டாக்டர் ஊசிப் பெட்டியைத் திறந்தார். ஊசியைக் கண்டதும் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். மகள் விறகு அடுக்குக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

"வா ஆத்தா, வெரசா வா," என்றேன்.

"மாட்டேன். எரத்தத்த எங்க கொண்டுபோறாக?"

அந்தக் கேள்விக்கு அதுவரை அவளிடம் யாரும் பதில் சொன்னதில்லை. நர்சம்மா மண்ணில் குந்தி உட்கார்ந்தாள். முதலாளி பங்களாவில் சின்னதைப் பெரிசாக்கிக் காட்டும் குழல் ஒன்று இருக்கிறது, அதில் பார்ப்போம், பூச்சி இருந்தால் உனக்கு மருந்து, வேண்டாமென்றால் வேண்டாம் என்றாள்.

மகள் யோசித்தாள். "பேரு எழுதக் கூடாது. எங்க கோழிய வரைங்க. வாலில்லாத கோழி."

நர்சம்மா வரைந்தாள். மகள் தானே விரலை நீட்டினாள். அதைப் பார்த்ததும் மற்ற பிள்ளைகள் எனக்குச் சீப்பு, எனக்குத் தேள் என்று முட்டிமோதினார்கள். செய்வினைக்காரன் வாலில்லாத கோழியை வைத்து என்ன செய்வான் என்று நானும் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நர்சம்மா வந்தாள். "வாலில்லாத கோழி யாரு?"

பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி மகள் கையைத் தூக்கினாள். கிருமி இருந்தது அவள் ரத்தத்தில்தான். மருந்து கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் கஞ்சி கேட்டாள்.

அவள் பிழைத்ததால் என் சந்தேகம் போய்விடவில்லை. அந்த மாத்திரை கடைசியில் தேறியதா, சில்லெல்லாம் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை வைத்து மருந்து சோதிக்கிறவர் யாரையாவது பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: முதலில் பிள்ளையிடம் கேளுங்கள், கடைசியில் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.