பம்பாய் உளுந்து

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஓர் அணு ஆராய்ச்சியைச் சாப்பிட்டுவிட்டேன். தேங்காய், பூண்டு போட்டு, எள்ளுத் துவையலோடு.

சிரிக்காதீர்கள்... நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி பம்பாயில், சர்க்காரின் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறான். அணு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குண்டுதானே? எங்கள் ஊரிலும் அப்படித்தான். மழையில்லாத ஊரை விட்டுவிட்டு அணுவுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்களே என்று டீக்கடையில் அப்பாவிடமே சண்டைக்கு வருவார்கள். தம்பிக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. விதைக்குக் கதிர்வீச்சு காட்டி, முளைத்ததில் நல்லதாகப் பொறுக்கி, திரும்பத் திரும்ப வளர்த்துப் புது ரகம் எடுக்கிற பிரிவு அவனுடையது. அவன் பாடுபட்டது உளுந்தில்.

இரண்டு வருஷமாக அவன் ஊருக்கு வரவில்லை. அம்மா ஏங்கிப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் பம்பாய் என்ற பெயர் வந்தால் போதும், கைவேலையை நிறுத்திவிடுவாள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டபோதெல்லாம் லீவு இல்லை. எங்கள் கரிசலில் இந்த உளுந்தை விதைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான் — உடனே லீவு, விதை, ரயில் செலவு! சர்க்காருக்கு உளுந்தின் மேல் அவ்வளவு பாசம்.

கோவில்பட்டி ஸ்டேஷனிலிருந்து நான்தான் அவனை எங்கள் ஊரான எப்போதும்வென்றானுக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் விதைப் பை அவன் மடியிலேயே இருந்தது. அம்மா வாசலுக்கு ஓடிவந்து கன்னத்தைத் தடவி, மெலிந்துவிட்டாயே என்றாள். அவனோ கரிசல் காட்டில் ஈரம் இருக்கிறதா என்று விசாரித்தான். பையை அடுப்படி மாடத்தில் வைத்தான்.

மறுநாள் ஞாயிறு; வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் அப்பாவும் அவனும் காட்டைப் பார்க்கப் போனார்கள். அம்மா உளுந்தஞ்சோறு ஆக்கினாள். அவனுக்கு அது உயிர். அவர்கள் திரும்பியதும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்; அவன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு மாடத்தைப் பார்த்தால்... பை தட்டையாகக் கிடந்தது.

எங்கள் பக்கம் விதை உளுந்தை வெறுமனே வைக்கமாட்டார்கள். பூச்சி அண்டாமல் செம்மண் பூசிக் காயவைப்பார்கள். செம்மண் இல்லையா, அது சமையலுக்கு! அம்மா அதை வறுத்து, திருகையில் உடைத்திருந்தாள்.

"வெதைன்னா செம்மண்ணு பூசி இருக்காண்டாமா? நீ எனக்காண்டி வாங்கிட்டு வந்திருக்கன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

கதிர்வீச்சு பட்டதையா தின்றோம் என்று நான் பதறினேன். கதிர்வீச்சு பட்டது இதன் முப்பாட்டனுக்கு, இது சாதாரண உளுந்துதான், விதை மருந்துகூட இன்னும் கலக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தம்பி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். விதைக்காமல் திரும்பினால் அதிகாரியிடம் என்ன சொல்வான்? அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா காலிப் பையை எடுத்து மடித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"சர்க்கார்ல இன்னும் வெதை இருக்குமாலே?"

"இருக்கும்மா. மறுபடி கேக்கணும்."

"கேளு. ஆனா தபால்ல அனுப்பிராத. நீயே கொண்டுட்டு வா."

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஊருக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

சர்க்காருக்கு என் விண்ணப்பம் இதுதான்: அணு ஆராய்ச்சிக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள்... விதையை மட்டும் தபாலில் அனுப்பிவிடாதீர்கள்!