இரண்டு பேருக்கு ஒரே குறி

எர்ணாவூரில் நான் பெருக்கித் துடைக்கும் பரிசோதனைக்கூடத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. பிலோமி அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வேலை முடியும்வரை வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும், கூட ஆள் நின்றால் தூசி சேரும் என்பார்கள். கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். அந்தச் சத்தம்கூட அவளுக்குக் கேட்காது.

அவளுக்கு வயது நாற்பத்திநாலு. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனார். தம்பி நோயல் கப்பல் ஏறிப் போனவன், பண்டிகைக்கு போன் பண்ணுவதோடு சரி. அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு வருவாள், திரும்பிப் போய் அம்மாவோடு செபமாலை சொல்லுவாள். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து நின்றுபோனது. அதைப் பற்றி அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவள் செய்யும் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். காசநோய்க்காரர்களின் சளியிலிருந்து கிருமியை வளர்த்து, அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து எடுத்து அவளிடம் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நூல் அது. அதில் என்சைம் என்று ஒன்றைச் சேர்ப்பாள். அது கத்தரிக்கோல் போல நூலைத் துண்டு துண்டாக வெட்டும். பிறகு அந்தத் துண்டுகளின் நுனியில் ஒரு குறி ஒட்டவேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் வேறு வேறு குறி. ஏன் என்றால், கடைசியில் எல்லாருடையதையும் ஒரே குழாயில் கலந்துதான் பெரிய மெஷினில் வைப்பார்கள். பல வீட்டுத் துணியை ஒரே வெள்ளாவியில் வைத்தாலும், சலவைக்காரர் சேங்கொட்டையால் போட்ட குறியைப் பார்த்து இது இன்னார் வீட்டு வேட்டி என்று பிரிப்பதில்லையா, அந்த மாதிரி மெஷின் குறியைப் பார்த்துப் பிரித்துவிடும். எந்த மருந்து எந்த ஆளுக்குக் கேட்கும், எது கேட்காது என்று அதில் தெரியும்.

ஒரு தட்டில் ஆளுக்கு ஒரு சின்னக் குழி, ஊசிமுனை அளவு தண்ணீரைக் குழிக்குக் குழி விடுகிற வேலை. கை முந்திக்கொண்டால் எந்தக் குழி முடிந்தது என்பது மறந்துபோகும். அதற்காகப் பிலோமி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒரு குழிக்கு ஒரு அருள்நிறை செபம். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கும்போது புதுக் குறியின் குழாயை எடுப்பாள், "ஆமென்" சொல்லும்போது மூடி வைப்பாள். வரிசைக்குப் பன்னிரண்டு குழி, பன்னிரண்டு அருள்நிறை, நடுவில் வேறு எதுவும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது தப்பியதில்லை.

போன வருஷம் அம்மா இறந்துபோனார்கள். முப்பதாம் நாள் பூசை காலையில் முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து யாரைப் பார்ப்பது என்று அவள் நேராக வேலைக்கு வந்துவிட்டாள். அன்றைக்குப் பன்னிரண்டு பேருடையதுதான். ஒரே வரிசை.

வேலை முடிந்து வெகுநேரம் ஆகியும் அவள் வெளியே வரவில்லை. பிறகு கதவைத் திறந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யக்கா, ரெண்டு பேருக்கு ஒரே குறி வெச்சிட்டேன். எல்லாத்தியும் ஒண்ணா ஊத்தியும் வுட்டேன்."

குறிக் குழாய்கள் இருக்கும் ஐஸ் பெட்டியைச் சுத்தம் பண்ணும்போதுதான் பார்த்திருக்கிறாள். பதினோராவது குறியின் முத்திரை உடையாமல் இருந்தது. பாதி மிச்சம் இருக்கவேண்டிய பத்தாவது குழாய் காலி. எப்படி நடந்தது என்று அவளுக்கே யோசித்துத்தான் விளங்கியது. மற்ற நாளெல்லாம் அவள் எண்ணினாள், அன்றைக்கு மெய்யாகவே செபித்துவிட்டாள். அம்மாவோடு சொல்லுகிற செபமாலை போலப் பத்து அருள்நிறை முடிந்ததும் வாய் தானாக இறந்தவர்களுக்கான "நித்திய இளைப்பாற்றி"க்குப் போய்விட்டது. அருள்நிறை தொடங்கினால்தானே கை புதுக் குழாயை எடுக்கும். கை அடுத்த குழிக்கு நகர்ந்துவிட்டது, பழைய குழாயோடு. பன்னிரண்டாவதற்கு மறுபடி அருள்நிறை, அந்த எண் போட்ட குழாயே கையில் வந்திருக்கிறது.

கையுறையைக் கழற்றிச் சுருட்டினாள்.

"நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியாதுக்கா. அதான் பயமா கீது."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மேலாளர் ஜெபசிங் சார் அறைக்குப் போனாள். அவர் தூத்துக்குடிக்காரர், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அன்றைக்கு மிகவும் தாழ்ந்துதான் பேசினார்.

"மெஷினு ரெண்டு பேரையும் ஒரே ஆளாத்தான் வாசிக்கும். ஒருத்தருக்குக் கேக்காத மருந்து மத்தவருக்கும் கேக்காதுன்னு வந்துரும். தெரியும்லா?"

"தெரியும் சார். அதான் வந்தேன்."

அந்த இரண்டு நோயாளிகளின் எண்களையும் நிறுத்திவைத்தார்கள். ஒருவருடைய டி.என்.ஏ. மிச்சம் இருந்தது, திரும்பச் செய்துகொள்ளலாம். மற்றவருடையது முதலிலேயே கொஞ்சமாக வந்தது, தீர்ந்துபோயிருந்தது. அவரிடம் புதிதாகச் சளி வாங்கவேண்டும். அது வளர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அவர் எந்த மருந்தைச் சாப்பிடுவார் என்றுதான் பிலோமி கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் வேலை என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அறையின் விதியைத் தளர்த்தி, பெனிஷா என்கிற பெண் முகக்கவசத்தோடு கூட நின்று குழி எண்ணைச் சத்தமாகச் சொல்லவேண்டும், பிலோமி அதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று ஆயிற்று. பெனிஷா நல்ல பிள்ளை. எண் முடிந்ததும் வெளியே போய் போனை எடுத்துக்கொள்வாள். பிலோமியின் வாயில் இப்போது எண் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து சளி டப்பாக்களைக் கொண்டுவருகிறவர் ஒருநாள் லீவு. அதனால் புதிதாகச் சளி கொடுக்கவேண்டிய அந்த நோயாளியே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒல்லியான ஆள், முகக்கவசம் போட்டிருந்தார். உள்ளே விடக் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே காற்றாட நிறுத்தினேன்.

"இன்னாமா, ஒரு தபா துப்பனது பத்தலியா? துப்புறதுக்குத் துட்டு குடுத்தா இந்நேரம் வூடு கட்டியிருப்பேன்" என்றார்.

அதற்குள் பிலோமி படி இறங்கி வந்தாள். டப்பா மேல் இருந்த எண்ணைப் பார்த்தாள். நோயாளியோடு பேசுவது அவள் வேலையில் இல்லை.

"மொத தபா என்னால கெட்டுப்போச்சி நைனா. உன்னுதுல இன்னொர்த்தர்து கலந்துட்டேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இந்தத் தபா செரியா வந்துடுமா?"

"வந்துடும்."

"அப்ப வுடு. பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?"

அவள் காட்டினாள். அவர் ரோட்டைக் கடந்து பஸ் ஏறும்வரை கேட்டிலேயே நின்றாள்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகளில் முக்கியமான இரண்டு அவருக்குக் கேட்கவில்லை. கேட்கிறவை எவை என்பதும் தெரிந்தது. மற்ற ஆளுக்கு எல்லாமே கேட்டது. கலந்த கலவையை அப்படியே வாசித்திருந்தால் அந்த மனுஷனும் கடுமையான மருந்தை மாதக்கணக்கில் வீணாக விழுங்கியிருப்பார். ஜெபசிங் சார் அதைச் சொன்னபோது பிலோமி தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இன்னாருக்காக வேண்டச் சொல்லும் பூசைக் கருத்து கொடுக்க என்னோடு வந்தாள். உபதேசியார் லியோனார்ட் யார் பெயருக்கு என்று கேட்டார். பெயர் தெரியாது என்றாள். சொந்தக்காரரா என்றார், இல்லை என்றாள்.

"அப்ப இன்னாம்மா ஒறவு?"

பிலோமி யோசித்தாள். "அவுரு வந்தப்ப நான் வெளிய வந்து பேசனேன், அண்ணே."

அவர் வேறு எதுவும் கேட்காமல், ஒரு நோயாளியின் சுகத்துக்காக என்று எழுதிக்கொண்டார். பூசையில் சாமியார் அதைப் படித்தபோது பிலோமி பெஞ்சின் ஓரத்தில், பக்கத்தில் அம்மா உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு, முழந்தாளில் இருந்தாள்.